கொல்லையில் ஒரு கேபின்: ஆறு தூண்களின் கணக்கு

விருத்தாசலத்துக்கு மேற்கே எங்களுக்கு ஒரு ஏக்கர் சொச்சம் கொல்லை இருக்கிறது. கரிசல் மண். அதில் முப்பது வருஷத்துக்கு முன்னால் அப்பா ஒரு மோட்டார் கொட்டாய் கட்டினார். பத்துக்குப் பத்து, செங்கல் சுவர், இரண்டடி கடக்கால், மேலே சிமென்ட் ஷீட்.

அந்தக் கொட்டாய் இரண்டு தவணையில் போய்ச் சேர்ந்தது. முதலில் கதவு. ஐப்பசி மழை பிடித்தால் சாத்தாது. சித்திரையில் தானாகத் திறந்துகொள்ளும். நாலைந்து வருஷத்தில் சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி ஒரு வெடிப்பு கிளம்பி, விரல் நுழையும் அளவுக்கு ஆனது. அப்புறம் 2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூர் பக்கம் கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர். மறுநாள் போய்ப் பார்த்தால் சுவர் இருக்கிறது, கூரை இல்லை. இரண்டு ஷீட் பக்கத்துக் கொல்லையில் கிடந்தது. அங்கே யாரும் நிற்கவில்லை என்பது எங்கள் நல்ல நேரம்.

அப்பா பீங்கான் சூளையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "பகல்ல போய் உக்கார ஒரு இடம் வேணும்டா, பெருசா ஒண்ணும் வேணாம்" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சரி, பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கேபின், முடிந்தவரை நாங்களே கட்டுவது என்று இறங்கினோம். இந்தப் பதிவு அதன் அடிப்பகுதியைப் பற்றி மட்டும்.

படிக்க ஆரம்பித்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. பழைய கொட்டாய் பாரம் தாங்காமல் ஒருநாளும் இறங்கவில்லை. மண் அதை மேலே தள்ளியது, காற்று அதை மேலே தூக்கியது. இரண்டு சேதமும் மேல் நோக்கித்தான். அஸ்திவாரம் என்றால் "வீட்டைத் தாங்குவது" என்றே நாம் நினைக்கிறோம். சின்ன, லேசான கட்டடத்துக்கு அதைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு: அதைக் கீழே பிடித்து வைப்பது. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் கூட்டல் கழித்தல் கணக்குதான்.

ஒரே ஊரில் இரண்டு களிமண்

விருத்தாசலத்தைப் பீங்கான் ஊர் என்பார்கள். செராமிக் தொழிற்பேட்டை, பொம்மைகள், மின்சார ஃபியூஸ் கட்டைகள் என்று இந்த ஊரில் பல குடும்பங்கள் களிமண்ணில்தான் சோறு சாப்பிட்டன. பக்கத்திலேயே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண் படிவங்கள் இருப்பது இதற்கு வசதி. அந்தக் களிமண்ணும் களிமண்தான், எங்கள் கொல்லைக் கரிசலும் களிமண்தான். ஆனா இரண்டும் தண்ணீரிடம் நடந்துகொள்ளும் விதம் வேறு.

பீங்கானுக்குப் போகும் களிமண்ணில் பெரும்பகுதி கயோலினைட் என்ற கனிமம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக இறுக ஒட்டியவை. தண்ணீர் தட்டுக்கட்டைச் சுற்றி நிற்கும், தட்டுகளுக்கு இடையில் புகாது. கரிசலில் இருக்கும் மான்ட்மோரிலோனைட்டும் தட்டுகள்தான், ஆனால் பிடிப்பு பலவீனம். தண்ணீர் இடையில் புகுந்து ஒவ்வொரு தட்டையும் விலக்கிவிடும். கோடிக்கணக்கான தட்டுகள் கொஞ்சம் கொஞ்சம் விலகினால் நிலமே எழும்பும். காய்ந்தால் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும்.

கொட்டாய்க்கு வந்த வெடிப்பு இதனால்தான். மழை பெய்தால் சுவரின் வெளிப்பக்க மண் முதலில் நனைந்து எழும்பும், அறைக்கு உள்ளே இருக்கும் மண் காய்ந்தே கிடக்கும். கோடையில் ஓரம் முதலில் காய்ந்து இறங்கும். எல்லா இடமும் ஒரே அளவு எழும்பினால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஏறத்தாழ எழும்புவதுதான் சுவரைக் கிழிக்கிறது. "பச்சை பொம்மைய ஒரு பக்கம் வெயில்ல வெச்சா விரிசல் விடாதா, அதே கதைதான்" என்றார் அப்பா. நான் நாலு கட்டுரை படித்துப் புரிந்துகொண்டது அது.

மண்ணெண்ணெய்ச் சோதனை

உங்கள் மண் எந்த வகை என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். இந்தியத் தர நிர்ணயத்தில் (ஐ.எஸ். 2720, பகுதி 40) இருக்கும் சோதனை இது. காய்ந்த மண்ணைப் பொடித்து நைசாகச் சலித்து, பத்து பத்து கிராமாக இரண்டு பங்கு எடுங்கள். 100 மில்லி அளவுக் குடுவை இரண்டு. ஒன்றில் மண்ணெண்ணெய், இன்னொன்றில் சுத்தமான தண்ணீர். மண்ணைப் போட்டுக் கலக்கி, காற்றுக் குமிழி போனதும் ஒரு நாள் அசையாமல் வையுங்கள். மண்ணெண்ணெய் தட்டுகளுக்கு இடையில் புகாது, அதனால் அதில் மண் உப்பாது. தண்ணீரில் எத்தனை மடங்கு கூடுதலாக நிற்கிறது என்பதுதான் விடை.

எங்கள் மண் மண்ணெண்ணெயில் 11 மில்லி, தண்ணீரில் 23. வித்தியாசம் 12, அதை 11 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 109 சதவீதம். ஐம்பதுக்குக் கீழே என்றால் கவலை இல்லை. நூறைத் தாண்டினால் ஜாக்கிரதை. இருநூறைத் தாண்டினால் பொறியாளர் இல்லாமல் கை வைக்க வேண்டாம். வீட்டுச் சல்லடையில் செய்தது துல்லியமாக இருக்காது, ஆனால் எந்த வகுப்பு என்று சொல்லிவிடும்.

அப்பா விடவில்லை. பட்டறையிலிருந்து ஒரு பிடி வெள்ளைக் களிமண் வாங்கி வந்து அதையும் போட்டார். அது தண்ணீரில் உப்பவே இல்லை. மண்ணெண்ணெயில்தான் ஒரு கோடு கூடுதலாக நின்றது. கயோலினைட் அப்படித்தான் நடந்துகொள்ளும் என்று பிறகு படித்தேன்.

கேபின் எவ்வளவு கனம்?

இரும்புச் சட்டம், சிமென்ட் ஃபைபர் போர்டு சுவரும் தரையும், மேலே தகரக் கூரை. எல்லாம் சேர்த்து ஒன்றரை டன். ஆட்கள், கட்டில், பீரோ என்று சதுர மீட்டருக்கு 200 கிலோ சேர்த்தால் (வீடுகளுக்குத் தரநிர்ணயம் சொல்லும் அளவு) இன்னும் 2.2 டன். மொத்தம் 3.7 டன். ஆறு தூண் என்றால் ஒரு தூணுக்கு 620 கிலோ. சதுர மீட்டருக்குப் பத்து டன் தாங்கும் சாதாரண மண்ணில், ஒரு அடி விட்டத் தூணின் அடிப்பாகம் மட்டுமே ஏறக்குறைய 700 கிலோ தாங்கிவிடும். "தாங்குவது" என்ற கேள்வி இங்கேயே முடிந்துவிட்டது.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். அந்த 3.7 டன்னைத் தரைப்பரப்பு முழுக்கப் பரப்பினால் சதுர மீட்டருக்கு 330 கிலோதான். நனைந்த கரிசல் மேலே தள்ளும் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஐந்து டன்னைத் தாண்டுவது சாதாரணம். அதாவது நேராக மண்மேல் கான்கிரீட் தளம் போட்டு கேபினை வைத்தால், மண்ணுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மூன்று மாடிக் கட்டடம் தன் கனத்தால் கொஞ்சமாவது மண்ணை அடக்கும். சின்ன வீட்டுக்கு அந்தக் கனமும் இல்லை. "சின்னதுதானே, லேசா போட்டா போதும்" என்பது கரிசலில் தலைகீழான யோசனை.

காற்றின் கணக்கு

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் ஐ.எஸ். 875 வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். நாங்கள் கடலிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறோம். அதே எண்ணை எடுத்துக்கொண்டேன். அழுத்தத்துக்கு வாய்பாடு எளிது: வேகத்தின் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்க வேண்டும். 50 × 50 × 0.6 = 1500 நியூட்டன், ஏறக்குறைய சதுர மீட்டருக்கு 150 கிலோ.

காற்று கூரைமேல் பாயும்போது கூரையை உறிஞ்சும், கதவு சன்னல் வழியாக உள்ளே புகுந்து கீழிருந்தும் தள்ளும். இரண்டும் சேர்ந்து முழு அழுத்தமும் மேல்நோக்கி என்று வைத்துக்கொள்வோம். எங்கள் கூரை தாழ்வாரத்தோடு 12 × 14 அடி, அதாவது 15.6 சதுர மீட்டர். பெருக்கினால் 2.4 டன் மேல்நோக்கி. கேபினின் சொந்தக் கனம் ஒன்றரை டன். புயலடிக்கும்போது உள்ளே ஆளும் சாமானும் இருக்கும் என்று கணக்குப் போட முடியாது. ஆக, சும்மா வைத்தால் கேபின் எழும்பிப் போகும்.

சிலர் ரெடிமேட் சிமென்ட் கட்டைகளைத் தரையில் வைத்து அதன்மேல் கேபினை உட்கார வைக்கிறார்கள். ஒரு கட்டை முப்பது கிலோ என்றால் ஆறுக்கு 180 கிலோ. 2.4 டன்னுக்கு முன்னால் அது எந்த மூலைக்கு? ஏழடி ஆழத் தூண் என்றால் கதையே வேறு. ஒரு அடி விட்டமுள்ள கான்கிரீட் மீட்டருக்கு 170 கிலோ. தரைக்குக் கீழே ஏழடி, மேலே ஒன்றரை அடி என்றால் ஒரு தூண் 440 கிலோ, ஆறும் சேர்ந்து 2.6 டன். கேபினோடு கூட்டினால் 4.1 டன். காற்றின் 2.4 டன்னைவிட நல்ல இடைவெளி.

இதோடு திருப்திப்பட்டுவிடக் கூடாது. பக்கவாட்டுக் காற்று கேபினைச் சாய்க்கப் பார்க்கும்போது, காற்றடிக்கும் பக்கத்து மூன்று தூண்களில் இழுப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். என் கணக்கில் தூணுக்கு 800 கிலோ. தூணின் கனமும் அதன் பங்குக்கு வரும் கேபின் கனமும் சேர்ந்தால் 690 கிலோதான். மீதியைத் தூணின் அடிப்பகுதியை இறுகப் பிடித்திருக்கும் கெட்டி மண்தான் தர வேண்டும். ஆழம் இதற்காகவும்தான்.

தூணையே பிடுங்கும் மண்

கரிசலில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. உப்பும் மண் தூணின் பக்கங்களை இறுகப் பிடித்து, தான் எழும்பும்போது தூணையும் தூக்கும். எங்கள் இடத்தில் ஐந்தடி கரிசல். ஒரு அடி விட்டத் தூணுக்கு அந்த ஆழத்தில் பக்கப்பரப்பு 1.4 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு இரண்டு டன் பிடி என்று குறைவாகவே வைத்தாலும் 2.8 டன் மேல்நோக்கி, அதுவும் ஒரே தூணில். இரண்டடி ஆழத்தில் நின்றுவிட்ட தூண் முழுக்க முழுக்க எழும்பும் மண்ணுக்குள்ளேயே இருக்கும்; மண் அதை முள்ளங்கி மாதிரி பிடுங்கிவிடும்.

இதற்கு இந்தியாவில் நன்றாகச் சோதித்த ஒரு விடை இருக்கிறது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை: துளை போட்டு, அடியில் மட்டும் குடைந்து அகலப்படுத்தி, வெங்காயம் மாதிரி ஒரு குமிழோடு கான்கிரீட் நிரப்புவது. குமிழின் அகலம் சாதாரணமாகத் தூணின் இரண்டரை மடங்கு. மேல் மண் இழுத்தாலும் அடியில் குமிழ் நங்கூரமாகப் பிடித்துக்கொள்ளும். 1980இல் வந்த ஐ.எஸ். 2911 பகுதி 3 இதற்கான விதிகளைச் சொல்கிறது. அதில் இரண்டு எண்களை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கரிசல் ஆழமாகப் போகும் இடத்தில் தூண் குறைந்தது மூன்றரை மீட்டர் இறங்க வேண்டும். அந்த ஆழத்துக்குக் கீழே மழையும் வெயிலும் மண்ணை அசைப்பது மிகக் குறைவு. இரண்டாவது, தூண்களை இணைக்கும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவில் குறைந்தது 80 மில்லிமீட்டர் இடைவெளி. மண் எழும்பினால் பீமைத் தொடக் கூடாது.

எங்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். சோதனைக் குழியில் ஐந்தடிக்குக் கீழே சுக்கான் கலந்த கெட்டி மண் வந்துவிட்டது. அது உப்பாது. அதனால் மூன்றரை மீட்டர் தேவைப்படவில்லை. சுக்கானுக்குள் இரண்டடி இறங்கினோம். கெட்டி மண்ணில் கையால் குமிழ் குடைய முடியவில்லை. அதற்குப் பதிலாக, மேல் ஐந்தடியில் கரிசல் தூணைப் பிடிக்கவே முடியாதபடி செய்தோம்.

செய்த வேலை

எல்லாம் மே மாதத்தில். மழையில் குழி நிற்காது.

முதலில் கயிறு கட்டி மூலைகளைக் குறித்தோம். பத்துக்குப் பன்னிரண்டுக்கு இரண்டு மூலைவிட்டமும் 15 அடி ஏழரை அங்குலம் வர வேண்டும். இரண்டும் சமமாக இல்லையென்றால் மேலே எதுவும் பொருந்தாது. வரிசைக்கு மூன்றாக இரண்டு வரிசை, ஆறு குழி.

மேல் ஐந்தடிக்குப் பதினைந்து அங்குல அகலம், கீழ் இரண்டடிக்குப் பன்னிரண்டு. பாதியை டிராக்டர் ஆகர் போட்டது. மீதி கை ஆகரும் கடப்பாரையும். அடியில் தங்கும் உதிரி மண்ணைப் பெயின்ட் டப்பாவைக் கம்பில் கட்டி அள்ளினோம். உதிரி மண்மேல் கான்கிரீட் போட்டால் அந்தத் தூண் பிறகு இறங்கும். இரவில் குழியைத் திறந்து விடவே கூடாது. ஆழ்துளைக் கிணற்றுச் செய்திகளைப் படித்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. பலகை போட்டு மேலே கல் வைத்தோம்.

மேல் ஐந்தடிக்குத் தகரத்தை ஒரு அடி விட்டக் குழாயாகச் சுருட்டி, வெளியே தடித்த பாலிதீன் இரண்டு சுற்று சுற்றி இறக்கினோம். அதைச் சுற்றிய இடைவெளியில் பருமணல். இப்போது கரிசல் எழும்பினால் மணலும் பாலிதீனும் வழுக்கும், தூண் நகராது. அந்த மணல் வளையம் தண்ணீர் இறங்கும் வழியாகிவிடக் கூடாது என்பதால் மேல் அரையடியைச் செம்மண்ணால் இடித்து அடைத்து, வெளிப்பக்கம் சரிவு கொடுத்தோம்.

ஒரு தூணுக்கு 12 மில்லிமீட்டர் கம்பி நாலு, அடியிலிருந்து உச்சிவரை, 8 மில்லிமீட்டர் வளையங்களோடு. "இத்தனூண்டு ரூமுக்கு இவ்ளோ கம்பியா தம்பி?" என்று மேஸ்திரி சிரித்தார். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. நம் தூணின் வேலையே இழுவைதான் என்பதால் கம்பி வேண்டும். சிமென்ட், மணல், ஜல்லி 1 : 1½ : 3. ஆறு தூணுக்கும் ஒரு கன மீட்டர் சொச்சம், ஒன்பது மூட்டை சிமென்ட். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு தலையிலும் 16 மில்லிமீட்டர் வளைகம்பி போல்ட் இரண்டு, ஒரு அடி உள்ளே போகும்படி. ஆறு தலையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர டியூப் லெவல் போதும். ஏழு நாள் ஈரச்சாக்கு.

பிடி எங்கே அறுகிறது?

கூரைத் தகடு, பட்டை, தூண் சட்டம், தரைச் சட்டம், போல்ட், கான்கிரீட், சுக்கான். காற்றின் இழுப்பு இந்த வரிசையில் ஒவ்வொன்றாக இறங்கி மண்ணுக்குப் போகிறது. இதில் ஒரு கண்ணி பலவீனமாக இருந்தாலும் அங்கேயே அறும். பழைய கொட்டாயில் ஷீட்டைப் பிடித்திருந்தவை துருப்பிடித்த நாலு கொக்கி போல்ட்டுகள். ஆகவே ஏழடித் தூண் போட்டுவிட்டு, கூரையை ஆணியில் விட்டால் பழைய கதைதான். தரை உயர்ந்திருப்பதால் காற்று அடியிலும் புகும் என்பதையும் மறக்க வேண்டாம். தரைப் பலகைகளுக்கும் நெருக்கமாக ஸ்குரு வேண்டும்.

தூண்மேல் வீடு நமக்குப் புதிதல்ல. தினைப்புனக் காவலுக்குப் பரண் போட்டவர்கள் நாம். ஆரோவில்லின் ஆரம்ப காலக் குடிசைகள் பலவும் கருங்கல் தூண்மேல் சவுக்குக் கம்பும் கீற்றுமாக நின்றவைதான். கரையான் மரத்தை எட்டாது, அடியில் காற்றோட்டம். எங்கள் ஒன்றரை அடி இடைவெளிக்கும் அந்த லாபங்கள் உண்டு. மண் எழும்ப இடமும் உண்டு. அந்த இடைவெளியை அழகுக்காகச் செங்கல் வைத்து அடைக்காதீர்கள். கை கழுவும் தண்ணீரைப் பத்தடி தள்ளி விடுங்கள். வேப்பங்கன்றைப் பக்கத்தில் நடாதீர்கள். வேர் உறிஞ்சினால் அந்த ஒரு பக்கம் மட்டும் மண் சுருங்கும்.

உங்கள் கொல்லை முந்திரி விளையும் செம்மண் என்றால் இவ்வளவு வேலை இல்லை. உப்பும் பிரச்சினை போய்விடும், காற்றின் கணக்கு மட்டும் மிஞ்சும். கரிசல் பத்தடிக்கும் கீழே போகிறது என்றால் மூன்றரை மீட்டரும் குமிழும்தான், ஒரு பொறியாளரையும் கூப்பிடுங்கள். இரண்டிலும் பஞ்சாயத்து அனுமதியை முதலில் கேட்டுவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை ஒன்று முடிந்துவிட்டது. ஐப்பசியில் தூண்களைச் சுற்றியிருந்த மண் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைய எழும்பியது. மே மாதம் தூணில் போட்ட பென்சில் கோட்டை மண் மூடிவிட்டது. டியூப் லெவல் வைத்துப் பார்த்தேன், ஆறு தலையும் அதே மட்டம். அப்பா அளவெல்லாம் பார்க்கவில்லை. கதவை ஒரு தடவை சாத்தி, ஒரு தடவை திறந்தார். "சாத்துது" என்றார். நாற்காலியை உள்ளே போட்டுக்கொண்டார்.